காணாமல் போன மாடி

“என் வீட்டு மாடி எங்கேங்க?”

இன்ஜினியர் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த நஜ்முன்னிசா கேட்ட முதல் கேள்வி அதுதான். ஆழ்வார்தோப்பிலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் ஆட்டோவில் வந்த வெயில் முகத்தில் அப்படியே இருந்தது. கையில் போன். அதில், சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கும் கணவர் காஜா மைதீன். ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள்.

இளவரசன் எழுந்து நின்றான். “உட்காருங்கம்மா.”

“உட்கார வரல. வந்து இறங்கின செங்கல், கம்பி எல்லாம் கீழ்வீட்டுக்கு மட்டும்தானாம். கொத்தனார் சொல்றார். மாடிக்குன்னு ஒரு கல்லுகூட உங்க கணக்குல இல்லையாம். பால்கனி, படிக்கட்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல சுத்திச் சுத்திக் காட்டினீங்களே, எங்கே அது?”

“ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. வீட்டை வரையறது ஒரு சாஃப்ட்வேர். செங்கல், சிமெண்ட் எவ்வளவு வேணும்னு கணக்கெடுக்கிறது வேற சாஃப்ட்வேர். இதுலேர்ந்து அதுக்கு மாத்தும்போது மாடி விட்டுப்போச்சு.”

மூலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகாலட்சுமி விருட்டென்று திரும்பினாள். அந்த வீட்டை வரைந்து, கணக்கெடுக்கிற சாஃப்ட்வேருக்கு மாற்றியது அவள்தான்.

“விட்டுப்போச்சா? விட்டுட்டு வர்றதுக்கு அது என்ன குடையா? வீடுங்க!”

“தப்பு என்னுதுதாம்மா.”

“யாரு மாத்தினது? இந்தப் பொண்ணா?” நஜ்முன்னிசா அவள் பக்கம் திரும்பினாள். “சம்பளம் வாங்குறேல்ல? கண்ணைத் திறந்து வேலை பார்க்க மாட்டியா? என் மக ஆஃப்ரினுக்குன்னு கட்டுற மாடி அது. கைக்குழந்தையோட ஒண்டுக்குடித்தனத்துல கிடக்கா. உனக்கு விளையாட்டாப் போச்சா?”

மகாலட்சுமிக்குக் காது மடல் சுட்டது. “மேடம், நான்...”

இளவரசன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

போனில் காஜா மைதீன் குரல் கேட்டது. “விடு நஜ்மு. மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். இப்பக் கீழ்வீட்டை முடிக்கட்டும். மாடியை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“நீங்க சும்மா இருங்க! உங்களுக்கு உலகத்துல எல்லாருமே நல்லவங்க. வேகாத வெயில்ல உழைச்சு அனுப்புறது நீங்க. இவங்க ஏசியில உட்கார்ந்துகிட்டு அரை வீட்டைத் தொலைச்சிருக்காங்க. நான் கேட்கக் கூடாதா?”

கேட்டாள். வாசலில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கேட்டாள்.

“இனிமே எங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தர்கூட உங்ககிட்ட வீடு கட்ட வரமாட்டாங்க. சந்து சந்தாப் போய்ச் சொல்றேன்!”

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

மகாலட்சுமி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “சார், நான் வேலையிலேர்ந்து நின்னுக்கறேன்.”

“மகாலட்சுமி...”

“மாத்தின அன்னிக்கே சுவர் சுவராச் சரிபார்த்தேன். தூண், ஸ்லாப், மாடி எல்லாமே அந்தப் பக்கம் ஒழுங்காப் போய்ச் சேர்ந்திருந்துச்சு. நீங்களும் பார்த்துட்டுச் சரின்னீங்க. இப்ப மாத்தும்போது விட்டுப்போச்சுன்னு கூசாமச் சொல்றீங்க. அந்தம்மா என்னை ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன்னு நினைச்சுட்டுப் போறாங்க!”

“நீ சரியாத்தான் பண்ணின. மாடியைக் கணக்குலேர்ந்து எடுத்தது நான்.”

அவள் முறைத்தாள்.

“காஜா பாய்க்கு அங்க வேலை போயிடுச்சு. கீழ்வீடு வரைக்கும்தான் சமாளிக்க முடியும்னு போன்ல அழுதார். ‘வீட்டுல தெரிஞ்சா அவ தாங்க மாட்டா தம்பி, கம்ப்யூட்டர் மேல பழியைப் போட்டுடுங்க’ன்னார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற. அஸ்திவாரம் மாடியைத் தாங்குற மாதிரிதான் போட்டிருக்கேன். பின்னால எழுப்பிக்கலாம். ஆனா உன்னைத் திட்டுவாங்கன்னு யோசிக்கல. மன்னிச்சுடு.”

மகாலட்சுமிக்குக் கோபம் அடங்கவில்லை. இன்னும் ஏறியது.

“புருஷன் பொண்டாட்டிகிட்டச் சொல்ல வேண்டிய விஷயம் சார் அது. அவர் பொய்க்கு நாம ஆளா? ஒண்ணும் தெரியாம அந்தம்மா இப்படி அலைஞ்சு, தொண்டை வறளக் கத்திட்டுப் போறாங்க. இதுக்குப் பேரு உதவியா? ஏமாத்து வேலை!”

கதவு மறுபடி திறந்தது.

நஜ்முன்னிசா. இளவரசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாளோ?

“அவர் போனை வச்சுட்டார்” என்றாள். கத்திய தொண்டை கரகரத்தது. நேரே வந்து மகாலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வாய்க்கு வந்தபடி பேசிட்டேம்மா. மனசுல வச்சுக்காதே.”

“மேடம்...”

“அவருக்கு வேலை போனது எனக்குத் தெரியும். கூட ஒரே ரூம்ல இருக்கிற ஹாலித்தோட சம்சாரம் அப்பவே சொல்லிடுச்சு. கொத்தனார் மாடி இல்லைன்னதுமே, இது யார் பார்த்த வேலைன்னும் புரிஞ்சுபோச்சு.”

இளவரசன் மெல்லக் கேட்டான். “தெரிஞ்சுமாம்மா இவ்வளவு சண்டை?”

நஜ்முன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கத்தாம விட்டா, இவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர் அங்கேயே ஒடிஞ்சு உட்கார்ந்துடுவார் தம்பி. எனக்காகச் சொன்ன பொய்யாச்சே, நான் நம்பிட்டேன்னு அவர் நம்ப வேண்டாமா?”