வாரத்துச் சேவல்

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்ததும் சேவல் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

கோழிக்குக் கண்கள் பக்கவாட்டில். எதையாவது நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்தாக வேண்டும்.

நன்றாகத்தான் பார்க்கிறது.

கால்முள் வளர்ந்திருந்தது. கொண்டை அதே சிவப்பு.

மாரியம்மன் நோம்பிக் கடையில் மகள் அடம்பிடித்து வாங்கிய ரோஸ் குஞ்சு. சாயம் குஞ்சின் மென்தூவியில்தான் நிற்கும். பிறகு முளைக்கும் இறகுக்கு அதன் சொந்த நிறம். ரோஸ் உதிர்ந்து செம்பட்டை வந்ததை மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்துச் சிரித்தாள்.

அது முதன்முதலாகக் கூவியபோது மகள் இல்லை.

திருப்பூரில் சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு. நைட் ஷிஃப்ட் முடித்துப் படுக்கிறவர்களுக்கு விடியற்காலைக் கூவல் ஆகாது. யாரிடமாவது கொடுத்தாக வேண்டியிருந்தது.

கேட்டு வந்தவர்களின் கையைத்தான் அவள் கவனித்தாள். நெஞ்செலும்பைத் தடவினால் குழம்புக்கு. காலைப் பிடித்து முள்ளைப் பார்த்தால் சேவல்கட்டுக்கு.

காங்கயம் பக்கத்திலிருந்து வந்த கண்ணாத்தாள் மட்டும் சேவலைத் தொடவேயில்லை. "இது என்ன திங்குங்கக்கா?" என்று கேட்டாள்.

அடிக்கக் கூடாது என்று சொல்லி அவளிடம் கொடுத்தாள்.

இரண்டு வருடம் கழித்து, இன்றுதான் பார்க்க வந்திருக்கிறாள்.

கண்ணாத்தாள் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். அவள் கணவர் நாச்சிமுத்து சிரித்தபடியே கத்தியைக் கல்லில் தீட்டத் தொடங்கினார்.

"தலை தீவாளிக்கு மாப்பிள்ளை வந்தப்பக்கூட இதத் தொடலைங்கக்கா. வாரத்துக்கு உட்டவங்க வராம அடிக்கறதுங்களா?" என்றாள் கண்ணாத்தாள்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பக்கத்தில் ஆட்டையும் கோழியையும் வாரத்துக்கு விடுவார்கள். உருப்படி ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. குட்டி போட்டால் ஆளுக்குப் பாதி. சேவலென்றால் கறியில் பாதி. உடையவர் இல்லாமல் வளர்க்கிறவர் கை வைக்கக் கூடாது.

அடிக்கக் கூடாது என்று அவள் சொன்னதை அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாகத் தீனி போட்டவர்கள். அவர்களுடைய பாதியை இல்லையென்று சொல்ல அவள் யார்?

சேவல் இனி உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

வாசலில் அவர்கள் வீட்டு மாப்பிள்ளையின் பைக் நின்றிருந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

கத்தி கல்லில் ஏறி இறங்கியது.

"எனக்கு விரதம், கண்ணாத்தா."

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? எப்ப முடியுதுங்கக்கா?"

"தெரியல."

நாச்சிமுத்து கத்தியைத் துடைத்துக் கூரையில் செருகினார். "முடியட்டுங்க. நீங்க வர்ற வரைக்கும் எந்த மாப்பிள்ளை வந்து கேட்டாலும் இது இங்கயேதானுங்க நிக்கும்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அது அவர் முகத்தில் தெரிந்தது.

அவள் மோர் குடித்தாள். ஒரு கை கம்பு வாங்கிக் காலடியில் இறைத்தாள். சேவல் கிட்ட வந்து பொறுக்கியது. கடைசிக் கம்பு மணியைப் பொறுக்கும் வரை இருந்தாள்.

படல்வரை வந்த கண்ணாத்தாள், "மறுக்கா எப்ப வருவீங்கக்கா?" என்றாள்.

"வர்றேன்."

படலைச் சாத்தி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

பஸ் வந்து நின்றபோது பின்னால் சேவல் கூவியது.

கூவி முடிக்கட்டும் என்று அவள் ஏறாமல் நின்றாள்.