கடைசிக் குண்டூசி

தையல்காரர் உதட்டில் கவ்விய குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மச்சினனின் கோட்டு விளிம்பில் குத்திக்கொண்டிருக்கிறார். மேசைமேல் கத்தரிக்கோலில் வெயில் மின்னுகிறது. "பெரியவங்க, சாமின்னு எதையும் மதிக்காம எங்கிருந்தோ வந்து தேர்தல்ல நிக்கிறான். பரம்பரையா நம்ம கட்சிக்குப் போட்ட கையால அவனுக்கா ஓட்டு?" என்று மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள் மனைவி. "நம்ம கட்சிதான் தூங்குதேக்கா. எதிராளிங்க வாயை அடைக்க அவன்தான் சரி" என்ற மச்சினன், குரலைத் தாழ்த்துகிறான். "அவனுக்குப் போடமாட்டேங்கிறவங்க பேரை அவன் ஆளுங்க தெருத்தெருவா எழுதி வச்சுக்கிறாங்களாம்." வெளியே பிரச்சார ஒலிபெருக்கி நெருங்க நெருங்கக் கதவுக் கண்ணாடி அதிர்கிறது. "நீங்க யாருக்கு மாமா?" நிலைக்கண்ணாடி வழியாக அவரையே பார்க்கிறான் மச்சினன். குத்தவேண்டிய இடமெல்லாம் குத்தியாகிவிட்டது. வாயில் ஒரு ஊசியும் இல்லை. தையல்காரர் டப்பாவைத் திறந்து, நான்கு ஊசிகளை எடுத்து மறுபடியும் உதட்டில் கவ்விக்கொள்கிறார்.