நேரம் தப்புகிற லைட்

“அழகெல்லாம் வேணாம் தம்பி. நேரத்துக்கு எரிஞ்சா போதும்,” என்றான் அர்ஜுனன்.

கடைக்கார இக்மலுக்குச் சிரிப்பு வந்தது. கடல் மீன் தொட்டிக்கு லைட் வாங்க வருகிறவர்கள் நிறத்தைக் கேட்பார்கள், எத்தனை வாட் என்று கேட்பார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், காலையில் நேரத்துக்கு எழுந்திருக்குமா என்று மட்டும் விசாரிக்கிற மாதிரியான ஆளை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

காலை பதினொரு மணி. டத்தோ கெராமாட் சாலையில் இருந்த அந்தக் கடையில், பெரிய தொட்டி ஒன்றின் மேல் மூன்று லைட்டுகள் தொங்கின. இக்மல் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். வெள்ளை அதிகமானால் பாசி பிடிக்கும். நீலம் அதிகமானால் தொட்டியில் வளர்கிற கோரல், அந்தப் பவள உயிர், மின்னும், ஆனால் மீன்களெல்லாம் நோயாளிகள் மாதிரி தெரியும். எதை வாங்கினாலும் முதல் வாரம் கால்வாசி வெளிச்சம்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோரல் வெளுத்துச் செத்துப்போகும்.

அர்ஜுனன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தொட்டி அவனுடையது அல்ல, மனைவி மோகனாவுடையது.

மோகனா சுங்கை பாக்காப்பில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அவன்தான் கோபத்தில் சொன்னான், என்னைவிட அந்தத் தொட்டிதானே உனக்குப் பெருசு என்று. அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது மட்டும் ஹாலில் நின்றது.

கடல் பாலத்தைத் தாண்டினால் முக்கால் மணி நேரம். அவன் போகவில்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கிற ஆள். அவளும் கூப்பிடவில்லை.

ஆனால் தொட்டியை அவன் சாகவிடவில்லை. யாருக்கும் தெரியாமல் உப்புத் தண்ணீர் கலக்கக் கற்றுக்கொண்டான். திரும்பி வந்தால் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான். அவள் வர வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

லைட்டை மட்டும் அவன் தொட்டதில்லை. தினமும் காலை பத்து மணி வாக்கில் அது தானாக எரியும், இரவு எட்டுக்கு அணையும். மோகனா எதிலும் ஒழுங்கு பார்க்கிறவள். டைமர் வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டான்.

அந்த டைமருக்குத்தான் கிறுக்குப் பிடித்திருந்தது.

“ஒரு நாள் பத்து மணி, ஒரு நாள் பத்தே முக்கால். தீவாளி அன்னிக்கு விடியக்காலை நாலரைக்கே எரியுது. நான் தலையில எண்ணெய் வச்சிட்டு உக்காந்திருக்கேன், ஹால் முழுக்க நீலமா இருக்கு. போன மாசம் ரெண்டு நாள் எரியவே இல்ல. கோரல் எல்லாம் சுருங்கிப்போச்சு. ரோசாக் ஆயிருச்சு லா, கெட்டுப்போனத மாத்திடலாம்.”

அந்த இரண்டு நாள்தான் அவனைக் கடைக்குத் துரத்தியது. தொட்டி செத்துவிட்டால் அவள் வருவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

பழைய லைட்டை அதன் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று, தொட்டிக்கு அடியில் கிடந்த மோகனாவின் டேப்லெட்டையும் இக்மல் கொண்டுவரச் சொல்லியிருந்தான். இப்போது அதைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு இடத்தில் நிறுத்தினான்.

“அண்ணே, இதுல டைமரே வைக்கலையே.”

“அப்புறம் எப்படி எரியுது?”

“யாரோ போன்ல இருந்து போடுறாங்க. தினமும் அவங்களேதான் அமுக்குறாங்க. மோகனான்னு பேர் காட்டுது. இன்னைக்குப் பத்து ரெண்டுக்குப் போட்டிருக்காங்க.”

அர்ஜுனன் டேப்லெட்டைக் கையில் வாங்கினான். பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட காலைகள். தீபாவளி நாலரை மணியும் இருந்தது. அம்மா வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க எழுந்தவள், முதலில் இந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறாள்.

போன மாதத்து இரண்டு நாள் மட்டும் காலியாக இருந்தன. காய்ச்சலாக இருந்திருக்குமோ? டாக்டரிடம் யார் கூட்டிப்போனார்கள்? அவன் இங்கே உட்கார்ந்து லைட்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. அவளை அந்த நிமிடமே பார்க்க வேண்டும் போலிருந்தது.

இக்மல் ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். புது லைட் மாட்டினால் அந்தப் போனிலிருந்து அதைப் போட முடியாது என்றான்.

அர்ஜுனன் பெட்டியைப் பார்க்கவே இல்லை. திரையில், லைட் எரிவதைக் காட்டி, நீலமாக ஒரு வட்டம் இருந்தது.

“இத நான் அமுக்கி அணைச்சா, அவங்களுக்குத் தெரியுமா?”

“உடனே போன்ல சத்தம் வரும்ணே.”

அமுக்கினான். வட்டம் கறுத்தது. ஆளில்லாத ஹாலில் தொட்டியும் இருண்டிருக்கும்.

ஒரு நிமிடம் போனது. இரண்டாவதும் போனது. பதினோரு மாதத்தை ஓட்டிவிட்டவனுக்கு மூன்றாவது நிமிடத்தைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான்.

வட்டம் தானாக மறுபடி நீலமானது.

இக்மல் எட்டிப் பார்த்தான். “கோரல் பாவம்ணே,” என்றான்.

அர்ஜுனன் மறுபடியும் அணைத்தான். இந்தத் தடவை அவள் காக்க வைக்கவில்லை.