நொதித்தொட்டியில் இறங்கிய விளக்கு

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணி. வானம் மூடியிருந்தது, காற்று அசையவில்லை. பாதுகாப்பு ஆய்வாளர் ஈஸ்ட் தொழிற்சாலையின் நொதித்தொட்டி வாயருகே குனிந்து நின்றார். வெள்ளியன்று உள்ளே இறங்கிய தொழிலாளி ஏறி வரவில்லை. முகமூடி அணிந்து தேடியவர்களுக்கு உடலும் கிடைக்கவில்லை. தொட்டியை நிரந்தரமாக மூடுவதா, இன்னொரு முறை தேடுவதா என்பதை ஆய்வாளர் இன்று முடிவுசெய்ய வேண்டும்.

கயிற்றைப் பிடித்திருந்தவர் தொட்டியின் பொறுப்பாளர், காணாமற்போனவனின் அண்ணன். எரியும் கூண்டு விளக்கை அவர் மெல்ல இறக்கினார். அடியில் தேங்கிய கரியமில வாயுவுக்குள் போனதும் சுடர் அணைந்தது. அணையத்தான் வேண்டும். மேலே இழுத்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“திரியில கங்கு மிச்சம் இருந்திருக்கும். மேல காத்துப் பட்டதும் பிடிச்சிருக்கும்” என்றார் ஆய்வாளர்.

சுடரை ஊதி அணைத்து, திரியைத் தண்ணீரில் நனைத்து, இம்முறை அவரே இறக்கினார். விளக்கு எரிந்தபடி திரும்பி வந்தது.

“தம்பி பெரிய கஞ்சன் சார்” என்றார் அண்ணன். “நெருப்பெட்டி இல்லாம வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டான். ஆனா பீடிக்குன்னு நான் கேட்டாக்கூட ஒரு குச்சி தர மாட்டான்.”

ஆய்வாளர் அறிக்கைத் தாளை எடுத்தார். அடியில் பிராணவாயு இல்லை, உயிர் இருக்க வழியில்லை, மூடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். அண்ணன் ஒரு கையால் வாங்கிக்கொண்டார். காற்று அப்போதும் அசையவில்லை. ஆனாலும் அவருடைய மறு கை சுடரை மறைத்தபடியே இருந்தது.