மஞ்சள் பிளக்

ஸ்குரூவோடு சேர்ந்து அதுவும் சுவரிலிருந்து கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

மஞ்சள் நிறம். ஸ்குரூ இறுகப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் சொருகுகிற, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பிளக்.

ஸ்டூல் மேல் நின்றபடியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் வைத்தது இது இல்லை.

அவர் வைத்தது ஈர்க்குச்சி.

சாமி படம் வைக்கிற இந்தப் பலகையை அவர் மாட்டிய நாளை இந்தத் தெரு ஏழு ஜென்மத்துக்கும் மறக்காது. ரிடயர் ஆகிற வரை குவார்ட்டர்ஸ் வாசம். ஆணி அடிக்கக்கூட ஆள் வரும். சொந்த வீட்டுக்கு வந்ததும் டிரில்லிங் மெஷின் வாங்கினார். அதை அவர் முதன்முதலாக ஓடவிட்டபோது தெருநாய்கள் மொத்தமாகப் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தன. எதிர்வீட்டுக்காரர் பூகம்பம் என்று நினைத்து, மாமியாரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்.

நாலு துளை வேண்டிய இடத்தில் பதினோரு துளை. சுவர் இடியாப்ப அச்சு மாதிரி ஆகிவிட்டது.

ஒவ்வொரு துளையிலும் ஸ்குரூ தொளதொளவென்று ஆடியது.

அதனால் என்ன? புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவினார். ஒடித்து அடைத்தார். மேலே ஸ்குரூவை முறுக்கினார். புது விளக்குமாறு என்றால் சாமிக்கு ஆகும் என்று தீர்ப்பும் தானே எழுதிக்கொண்டார்.

அவர் மனைவி நாயகி வந்து பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க."

கல்யாணத்துக்கு அப்புறம் அவர் செய்த எதையும் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. மறுநாள் டவல் கம்பி மாட்டினார். அதற்கு மறுநாள் திரைச்சீலைக் கம்பி. நடைப்பயிற்சி சினேகிதர்களிடம், தாஜ்மஹாலில் மிச்சம் இருந்த வேலையைத் தானே முடித்துக்கொடுத்த மாதிரி பேசினார். எல்லாம் கெட்டியாக நின்றன. யானை வந்து தொங்கினாலும் நிற்கும் என்றார்.

இப்போது புதுசாக வந்த முருகன் படம் கொஞ்சம் உயரம். பலகையை நாலு விரல் மேலே ஏற்றலாம் என்று கழற்றினார்.

மஞ்சள்.

ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் டவல் கம்பியைக் கழற்றினார். மஞ்சள். திரைச்சீலைக் கம்பி. மஞ்சள்.

திரும்பி வந்து சுவரைப் பார்த்தார். அவர் தப்பாகப் போட்ட துளைகளில் ஒன்றுகூட இல்லை. வெள்ளை சிமெண்ட் பூசி, தேய்த்து, வழவழவென்று மூடியிருந்தது.

தினமும் இதற்கு முன்னால் நின்றுதான் விபூதி பூசுகிறார். கண்ணில் படவில்லை.

ஆரோக்கியசாமிதான். வேறு யார்? புது வாசக்கதவு மாட்டிய தச்சன். வீட்டுக்காரன் காலார நடக்கப் போன நேரத்தில் உள்ளே நுழைந்து, அவன் மானத்தைப் பிடுங்கி மஞ்சள் பிளக் சொருகிவிட்டுப் போயிருக்கிறான். போனைப் போட்டார். கத்தின கத்தலில் ஸ்டூல் ஆடியது.

அந்தப் பக்கம் ஆரோக்கியசாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"சார், கதவு மாட்டினதுக்கு அப்புறம் நான் உங்க தெரு பக்கமே வரலையே. அம்மாதான் ஒருநாள் பட்டறைக்கு வந்து, செங்கச் சுவருக்கு எந்த பிளக்கு, டிரில்லிங் மெஷின்ல எந்த பிட்டு மாட்டணும்னு கேட்டுட்டுப் போனாங்க. ஏன் சார், நல்லா நிக்குதா?"

போனை வைத்தார்.

ஆள் வைத்துச் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. நாலு நாள் சண்டை போட்டுவிட்டு மன்னித்துவிடலாம்.

அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை செய்துவிட்டு அவளால் கடுகு தாளிக்க முடிகிறது.

அவர் ஒரு முடிவோடு விளக்குமாற்றை எடுத்துவந்தார். மஞ்சள் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிப் போட்டார். ஈர்க்குச்சி அடைத்தார். வேண்டுமென்றே ஒரு பக்கம் இறக்கி மாட்டினார். பலகை சறுக்குமரம் மாதிரி சாய்ந்தது. அடித்துப் பிடித்து முருகனை ஏற்றினார். முருகன் மயிலோடு சேர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தார்.

"நாயகி! இங்க வா."

முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தாள். பலகையைப் பார்த்தாள். தரையில் கிடந்த மஞ்சள் பிளக்குகளைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா, தெரியவில்லை.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லட்டும். கோணல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

அதே குரல். இம்மி பிசகவில்லை.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அந்தக் குரலை அவர் அதற்கும் முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

பெண் பார்க்கப் போன அன்று. கூடத்தில் கூட்டம். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அவள் அப்பா கேட்டார். அவள் தலையை நிமிர்த்தி, இவரை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பிடிச்சிருக்குப்பா" என்றாள். கூடமே சிரித்தது. இவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அப்போது அவருக்கு, கன்னம் வரைக்கும் முறுக்கிவிட்ட மீசை இருந்தது. பேச ஆரம்பித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பையில் சிகரெட் இருந்தது. சீட்டுக்கட்டு இருந்தது.

கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாளும் அவள் எதையும் விடச் சொன்னதில்லை. அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் கை தானாக எழுந்து மேலுதட்டைத் தடவிப் பார்த்தது.

வழவழவென்று இருந்தது.