அதோ அவ

“தே தா!” என்று குழந்தை ஃபான்னி மறுபடியும் வெரோனிகாவைப் பார்த்து விரலை நீட்டினாள்.

“கேட்டீங்களா? இப்ப உங்க காதாலயே கேட்டுக்கிட்டீங்க இல்ல?” என்றாள் வெரோனிகா. ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ். மத்தியானமாகியும் இன்னும் படுக்கவில்லை. குழந்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஹுப்ஃபவர் அம்மாளுக்கும் அசதிதான். ஓ-பேர் பெண்களை, அதாவது வீட்டோடு தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு மொழி படிக்க வரும் வெளிநாட்டுப் பெண்களை, சேர்த்துவிடும் முகவர் நிலையத்தில் பஞ்சாயத்து பண்ணுவது அவர் வேலை. காலையில்தான் இன்னொரு வீட்டில், யாருடைய தயிரை யார் தின்றது என்ற வழக்கைத் தீர்த்துவிட்டு வந்திருந்தார்.

தெற்கு ஜெர்மனியின் பவேரியப் பேச்சில் ‘தே தா’ என்றால் ‘அதோ அவ’. கடைத்தெருவில் முன்பின் தெரியாதவளை அப்படிச் சுட்டிக் காட்டினாலே சண்டைக்கு வருவாள். இங்கே பெற்றவளையே பிள்ளை சொல்கிறது.

“சின்னக் குழந்தை. அதுக்கு என்ன தெரியும்?” என்றார் ஹுப்ஃபவர்.

“அதுக்குத் தெரியாது. சொல்லிக் குடுக்கறவளுக்குத் தெரியும். நான் வாசல் கதவுல சாவியைப் போட்டா போதும், உள்ளேருந்து இவ குரல் வரும். ‘ஃபான்னி, தே தா! தே தா!’ அதோ அவ வந்துட்டாளாம்!”

‘இவ’ என்று சொல்லப்பட்ட நத்தியா, அடுப்படி பெஞ்சின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜார்ஜியா நாட்டுப் பெண். பிளம்ஸ் கேக்கில் ஒரு துண்டு அவள் தட்டிலும் இருந்தது. தொடவில்லை.

குழந்தை தூக்க ஆளில்லாமல் திரும்பி, அப்பா கோர்பினியானின் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. “மாமா!”

ஜெர்மனியில் மாமா என்றால் அம்மா. நமக்குத்தான் அது வேறு உறவு.

“டயப்பர் மாத்தறது நான்தானே? அதான் பட்டத்தை எனக்குக் குடுத்துட்டா” என்று சிரித்தான் கோர்பினியான். தச்சன், மரத்தூள் தலையோடு பாதி வேலையில் எழுந்து வந்திருந்தான். அவன் சிரிப்பில் யாரும் சேரவில்லை.

ஃபான்னிக்குப் பேச்சு தாமதம். ‘மாமா’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக வெரோனிகா எத்தனையோ மாதம் காத்துக் கிடந்தாள். கடைசியில் வந்த சொல் நேராக அப்பனிடம் போய்விட்டது. அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பாவம், யாரிடம் போய்ச் சொல்வாள்?

“நத்தியா, விதியெல்லாம் உனக்கே தெரியும்” என்றார் ஹுப்ஃபவர், பலமுறை சொல்லிச் சலித்த குரலில். “இவங்க உன்னை வீட்டு மனுஷியா நடத்தணும், நீயும் அப்படி நடந்துக்கணும். வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா ரெண்டு வாரத்துக்குள்ள வேற வீடு கிடைக்கணும். இல்லேன்னா ஊருக்குத்தான் போகணும். ஏதாவது பேசும்மா.”

நத்தியா வாயைத் திறப்பதற்குள் அவள் கைப்பேசி அடித்தது. “மாமா...” என்று தன் மொழியில் ஏதோ கிசுகிசுத்துவிட்டு வைத்தாள். மறுமுனையில் கரகரவென்று கட்டைக் குரல். அங்கே தாய்க்குத் தொண்டை கட்டியிருக்கும் போல என்று ஹுப்ஃபவர் நினைத்துக்கொண்டார்.

வெரோனிகாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“நான் உனக்கு என்னடி கெடுதல் பண்ணேன்? ஞாயித்துக்கிழமை உன்னை எழுப்பியிருக்கேனா? ஒரு வார்த்தை கடிஞ்சு பேசியிருக்கேனா? நான் பெத்த பொண்ணுகிட்டயே என்னை ‘அதோ அவ’ ஆக்கிட்டியே!”

நத்தியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “அதோ அவளா? யாரு சொன்னா?”

அவள் வகுப்பில் படித்தது புத்தக ஜெர்மன். இந்த ஊர்க் கொச்சை அதில் கிடையாது.

“நடிக்காத. தே தா, தே தான்னு தினம் சொன்னது யாரு?”

நத்தியா வெரோனிகாவைப் பார்த்தாள், ஹுப்ஃபவரைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் வேலை போய்விடும். சொல்லாவிட்டாலும் போய்விடும்.

“நான் விதியை மீறிட்டேன்” என்றாள் மெல்ல. “குழந்தைகிட்ட ஜெர்மன் மட்டும்தான் பேசணும்னு முதல் நாளே சொன்னீங்க. ரெண்டு மொழி கலந்தா குழம்பிடுவான்னு பயந்தீங்க. எனக்கு வரல, வெரோனிகா. சோறு ஊட்ட, பாத்திரம் கழுவ உங்க மொழி போதும். கொஞ்சறதுக்குப் பத்தல. தனியா இருக்கும்போது எங்க மொழியில பேசிட்டேன்.”

ஹுப்ஃபவர் பெருமூச்சு விட்டார். நிபந்தனையை மீறியதாகப் பெண்ணே ஒப்புக்கொண்டுவிட்டாள். இனி வேறு வீடு தேட வேண்டியதுதான்.

கோர்பினியான் மட்டும் மடியிலிருந்த குழந்தையை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“இரு, இரு. இவ என்னை மாமாங்கறாளே, அதுவும் உங்க மொழியா?”

“ஆமா. எங்க ஊர்ல மாமான்னா அப்பா.”

குழந்தை அப்பனின் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, மறுபடியும் வெரோனிகாவிடம் போய் இரண்டு கையையும் தூக்கியது.

“தேதா!”

வெரோனிகா குனிந்து குழந்தையை வாரி எடுத்தாள். “அப்போ... இது?”

“அம்மா.”