பத்து மைல்

“கப்பல் கம்பெனிலருந்தா வர்றீங்க?” என்று ஜெயகுமாரி கேட்டதும் மனோகரன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி வெயிலில் இவ்வளவு தூரம் நடந்ததே உண்மையைச் சொல்லத்தான். வாசலிலேயே பொய் சொல்லியாகிவிட்டது.

அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கடல் வரைபடத்தைத் திரையில் காட்டும் மின்னணுப் பெட்டிகளைச் சோதித்து அனுப்புவான். தொண்ணூற்றெட்டில் அது புதுச் சரக்கு.

அம்பத்தூரில் கடலுக்கு எங்கே போவது? பெட்டியை வேனில் ஏற்றித் திருமழிசை வரை ஓட்டி, ரோட்டோரக் கல்லோடு ஒத்துப் பார்ப்பார்கள். கல்லில் கிலோமீட்டர் என்பதால் பெட்டியையும் கிலோமீட்டருக்குத் திருப்புவார்கள். பேக்கிங்குக்கு முன்னால் மறக்காமல் கடல் மைலுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஜெயகுமாரியின் கணவன் செபாஸ்டியன் ஒரு சின்னச் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிக்கிற மாலுமி. அந்தக் கப்பலில் பொருத்தியது மனோகரன் சோதித்த பெட்டி. பெட்டி பொருத்திய பிறகு முதல் பயணம், மாலத்தீவுக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பிய அன்று சாயங்காலமே பாறையில் மோதிவிட்டது.

கேப்டன் பிழைத்துக்கொண்டார். அடைமழையாம், எதிரே ஒன்றும் தெரியவில்லையாம். பாறைக்குப் ‘பத்து’ என்று திரை காட்டியதைப் பத்து மைல் என்று எடுத்துக்கொண்டாராம். அது பத்து கிலோமீட்டர். கடல் மைலில் ஐந்தரைகூட வராது. வேலை முடிந்து கீழே தூங்கப் போன செபாஸ்டியன் மேலே வரவே இல்லை.

இந்தத் தகவல் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து மனோகரனுக்குச் சோறு இறங்கவில்லை. மைலுக்கு மாற்றினேனா, இல்லையா? பாழாய்ப்போன ஞாபகம் வந்து தொலைக்கவில்லை. கம்பெனியில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லி, அவள் நாலு அறை விட்டாலாவது நிம்மதி என்று வந்திருக்கிறான்.

ஜெயகுமாரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முப்பதாம் நாள் பூசை நேற்றுத்தான் முடிந்தது என்றாள்.

“பாறைல மோதிச்சின்னாங்க. இன்னாத்துக்கு மோதிச்சின்னு ஒர்த்தரும் சொல்லலண்ணா. போறப்ப நல்லாத்தான் போச்சாம். அது தெரிஞ்சா போதும் எனுக்கு.”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். கப்பல் கிளம்பிய அன்று காலையில் மாலத்தீவிலிருந்து செபாஸ்டியன் தபாலில் போட்டது. சாவுச் செய்தி வந்து ஒன்பது நாள் கழித்துத்தான் இது வந்ததாம். இங்கே வெயில் நம்ம ஊரைவிட மோசம், உனக்கு ஒரு குடை வாங்கியிருக்கிறேன், தூத்துக்குடிக்கு இன்னும் எழுநூற்று இருபது கிலோமீட்டர்தான், ஓடி வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தான்.

குடை என்ற இடத்திலேயே மனோகரனுக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது. கடிதத்தை மடித்துக் கொடுத்தான். தான் கப்பல் கம்பெனி இல்லை, பெட்டி செய்கிற கம்பெனி என்றான். வேன், கல், கிலோமீட்டர், மைல், கேப்டன் பார்த்த பத்து என்று ஒன்று விடாமல் கொட்டினான்.

“மைலுக்கு மாத்தாம நான்தாம்மா அனுப்பிட்டேன். உன் புருசன கொன்னது நான்தான்.”

அறை விழும் என்று தலையைக் குனிந்துகொண்டான். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“நீ இல்லண்ணா,” என்றாள்.

“எப்பவும் மைலு மைலுன்னுதான் எய்துவாரு. எனுக்கு அது இன்னா புரியும்? இந்தவாட்டி கெளம்பறப்ப, புது பொட்டில ரெண்டு கணக்கும் வரும், ஒரு பட்டன அமுக்குனா போதும்னாரு.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கிலோமீட்டர்ல போட்டு எய்துன்னு நான்தாண்ணா கேட்டேன்.”